ஓடுகிற வண்டியை நிறுத்தச் சொல்லும் ஒர்க்‌ஷாப்

பாளையங்கோட்டையிலிருந்து கே.டி.சி. நகருக்குப் போகிற வழியில், பெரிய சாலையை விட்டு இறங்கும் ஒரு மண்பாதையின் முடிவில், இரண்டு வேப்பமரங்களுக்கு நடுவே தகரக் கூரையோடு நிற்கிறது அந்தக் கார் ஒர்க்‌ஷாப். பெயர்ப்பலகை கிடையாது. இதைப் பற்றி எழுதப்போகிறேன் என்று சொன்னபோது, தன் பெயரும் போன் நம்பரும் வரக்கூடாது என்ற ஒரே ஒரு நிபந்தனையை அதன் உரிமையாளர் போட்டார். ஒரு நாளைக்கு நான்கு வண்டிக்கு மேல் அவர் எடுப்பதில்லை. ஐந்தாவதாக வருகிறவரைத் திருப்பி அனுப்புவது மனசுக்குச் சங்கடமாக இருக்கிறது என்பதுதான் காரணம். ஆகவே அங்கு வருகிற எல்லோரையும் போல நானும் அவரை அண்ணாச்சி என்றே குறிப்பிடுகிறேன்.

என்னிடம் இருப்பது 2006-இல் வாங்கிய மாருதி 800. பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் அதை விற்க மனமில்லாமல், பதினைந்து வருடம் முடிந்ததும் ஆர்.சி. புதுப்பித்து ஓட்டிக்கொண்டிருக்கிறேன். கடந்த இரண்டரை ஆண்டுகளாக அது அண்ணாச்சியின் ஒர்க்‌ஷாப்புக்குத்தான் போய்வருகிறது. அண்ணாச்சி இருபது ஆண்டுகள் சென்னையில் கார் பந்தய அணி ஒன்றுக்கு மேனேஜராக இருந்தவர் என்பது ஊரில் பலருக்கும் தெரியும். அதனால் அங்கே வேலை பறக்கும், காலையில் விட்டால் மதியம் எடுத்துவிடலாம் என்று எண்ணிக்கொண்டு போகிறவர்கள் பலர். அவர்கள் அத்தனை பேரும் ஏமாந்துதான் திரும்புகிறார்கள். இந்த ஒர்க்‌ஷாப்பில் வேகமாக நடக்கிற காரியம் எதுவும் இல்லை. பந்தய அணி மேனேஜரின் வேலையிலும் வேகம் என்பது கடைசியாக வருகிற ஒன்று என்பதை நான் அங்கே பெஞ்சில் உட்கார்ந்திருந்த நாட்களில்தான் தெரிந்துகொண்டேன்.

வண்டியை எடுத்துக்கொள்வதிலிருந்தே தொடங்குகிறேன். மற்ற இடங்களில் சாவியை வாங்கிக்கொண்டு, "என்ன பிரச்சினை?" என்று ஒரு கேள்வி கேட்டு அனுப்பிவிடுவார்கள். இங்கே அண்ணாச்சி கோடு போட்ட நோட்டு ஒன்றைத் திறந்து வைத்துக்கொண்டு, குறைந்தது இருபது நிமிடம் கேள்வி கேட்கிறார். எப்போது கடைசியாக பெட்ரோல் போட்டீர்கள், வண்டியைக் கடைசியாக வேறு யார் ஓட்டினார்கள், சத்தம் வருகிறது என்கிறீர்களே, அது வண்டி சூடேறிய பிறகா, ஏறும் முன்பா, இடது பக்கம் திரும்பும்போதா, வலது பக்கமா? நாம் சொல்வதை நம் வார்த்தையிலேயே எழுதிக்கொள்கிறார். "வண்டி முனகுகிறது" என்று நான் சொன்னதை அப்படியே "முனகுகிறது" என்றுதான் எழுதினார். அதைத் தொழில் வார்த்தையாக மாற்றவில்லை. மாற்றினால் தான் கேட்டது நின்று, தான் நினைத்தது நோட்டில் ஏறிவிடும் என்றார். ஒவ்வொரு வண்டிக்கும் தனி நோட்டு. பின்சுவர் முழுக்க அலமாரியில் பழுப்பு அட்டை போட்ட நோட்டுகள் வண்டி எண் வரிசையில் நிற்கின்றன. என் வண்டிக்கு இது இரண்டாவது நோட்டு.

அந்த நோட்டுதான் அவரை மேனேஜர் ஆக்கியது என்பது பிறகு தெரியவந்த கதை. களக்காட்டுப் பக்கத்து ஊர்க்காரர், பேட்டை ஐ.டி.ஐ.யில் மோட்டார் மெக்கானிக் படித்துவிட்டு 1981-இல் சென்னைக்குப் போய், மவுண்ட் ரோட்டை ஒட்டிய ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் ஒரு கேரேஜில் சேர்ந்திருக்கிறார். அதன் முதலாளிக்கு பந்தயக் கிறுக்கு. இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளமான சோழவரத்தில், 1953-இல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பந்தயங்களை நடத்திக்கொண்டிருந்த காலம் அது. வண்டி தள்ளுவதற்கும் டயர் தூக்குவதற்கும் போன பையன், ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் எந்த நட்டு தளர்ந்திருந்தது, எந்த டயர் எந்தப் பக்கம் தேய்ந்தது, எவ்வளவு பெட்ரோல் மிஞ்சியது என்று தனக்காக எழுதி வைத்துக்கொண்டான். கிளப்பின் சொந்தத் தடம் 1990-இல் ஸ்ரீபெரும்புதூருக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையில் திறக்கப்பட்டபோது அவர் மெக்கானிக். சில ஆண்டுகளில் தலைமை மெக்கானிக். அப்போதிருந்த மேனேஜர் ஒருமுறை பதிவுப் படிவத்தைக் கெடு முடிந்த பிறகு கொண்டுபோய்க் கொடுத்ததில், தயாராக நின்ற இரண்டு கார்களும் லாரியிலிருந்து இறங்காமலே திரும்பியிருக்கின்றன. அடுத்த வாரம் முதலாளி இவருடைய நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, படிவம் நிரப்பும் வேலையையும் இவரிடமே கொடுத்துவிட்டார். ஓட்டத் தெரிந்தது காரணமில்லை, எஞ்சினைப் பிரித்துக் கட்டத் தெரிந்ததும் காரணமில்லை. கையெழுத்துதான் காரணம் என்று அண்ணாச்சி இன்றைக்கும் சொல்கிறார். தமிழ் ஆசிரியனாக இருந்த எனக்கு அதைக் கேட்கக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

உலக அளவிலும் இந்த வேலைக்கு வந்தவர்கள் இப்படிப் பல வாசல் வழியாகத்தான் வந்திருக்கிறார்கள். மெக்லாரன் அணியைப் பல காலம் நடத்திய ரான் டென்னிஸ், 1966-இல் பதினெட்டு வயதில் கூப்பர் அணியில் மெக்கானிக்காகச் சேர்ந்தவர். ஃபெராரி அணியை 1993 முதல் நடத்திய ழான் டோட், ராலி கார்களில் ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வழி சொன்னவர். 1991-இல் பெனட்டன் அணியில் மெக்கானிக்காக நுழைந்த ஜோனதன் வீட்லி, 2006-இல் ரெட் புல் அணியின் மேனேஜராகி, 2025-இல் சாபர் அணியின் தலைவராகப் பொறுப்பேற்றார். இதற்கென்று ஒரு பட்டப்படிப்பு முடித்து நேராக அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தவரை இந்த வரிசையில் காண முடியாது.

ஒர்க்‌ஷாப்பின் உள்ளே போனதும் கண்ணில் படுவது, தூணில் ஆணியடித்து மாட்டியிருக்கும் நீளமான கறுப்புப் பலகை. மஞ்சள் எழுத்துகளையும் எண்களையும் செருகி எடுக்கும்படி அதில் பள்ளம் வெட்டியிருக்கிறது. இருங்காட்டுக்கோட்டையில், சீறிப் போகும் காரின் ஓட்டுநருக்கு அவர் எத்தனையாவது இடத்தில் இருக்கிறார், முன்னால் போகிறவருக்கும் அவருக்கும் எத்தனை நொடி இடைவெளி, இன்னும் எத்தனை சுற்று பாக்கி என்பதை ஓரச் சுவரிலிருந்து தூக்கிக் காட்டிய பிட் போர்டு அது. இப்போது அதில் நான்கு வண்டிகளின் எண்களும், அவை திரும்பக் கிடைக்கும் நேரமும் செருகப்பட்டிருக்கின்றன. என் அனுபவத்தில் அதில் போட்ட நேரம் இரண்டு முறைதான் தவறியிருக்கிறது. இரண்டு முறையும் காலையிலேயே ஆள் விட்டுச் சொல்லியிருந்தார்.

அந்தப் பலகைக்கு ஒரு பூர்வீகம் உண்டு. மெர்சிடிஸுக்காகப் பந்தயம் ஓட்டிக்கொண்டிருந்த ஆல்ஃப்ரெட் நொய்பாவர், தான் பெரிய ஓட்டுநர் ஆகப்போவதில்லை என்று தெரிந்துகொண்டு 1926-இல் அணியை நடத்தும் பொறுப்புக்கு மாறினார். அந்தக் காலத்தில் பந்தயம் முடிந்து இறங்கும் வரை ஓட்டுநருக்குத் தான் ஜெயித்தோமா தோற்றோமா என்பதே தெரியாத நிலை இருந்தது. கொடியாலும் பலகையாலும் சைகை காட்டி ஓட்டுநரோடு பேசும் முறையைக் கொண்டுவந்தவர் அவர். கொடி காட்டிப் பேசும் மேனேஜர் என்ற பதவியே ஏறத்தாழ அவரோடுதான் பிறந்தது எனலாம். 1955 வரை அந்த வேலையில் இருந்தார். அவர் கடைசியாகக் காட்டிய சைகைகளில் ஒன்றைப் பற்றிக் கீழே சொல்ல வேண்டியிருக்கிறது. அதற்கு முன்னால் என் வண்டியின் பிரேக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

போன ஆவணியில், நாகர்கோவிலில் என் தங்கை வீட்டு நிச்சயதார்த்தத்துக்குப் போகவேண்டியிருந்தது. முந்தின நாள் ஆயில் மாற்றுவதற்காக மட்டும் வண்டியை விட்டேன். ஆயில் மாற்றுவதற்கு விட்டாலும், எந்த வேலைக்கு விட்டாலும், திருப்பித் தருவதற்கு முன் அண்ணாச்சி ஒரே பாதையில், ஒரே தூரம், தானே ஓட்டிப் பார்க்கிறார்: கே.டி.சி. நகர் வரை போய், நான்குவழிச் சாலையில் நாங்குநேரிப் பக்கம் கொஞ்ச தூரம் இறங்கி, திரும்பி வருவது. தினமும் ஒரே பாதையில் போனால்தான் இன்றைக்கு மாறியிருப்பது சாலையா வண்டியா என்று தெரியும் என்பது அவர் கணக்கு. அன்று திரும்பி வந்தவர் வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைக்காமல், பிரேக் பெடலை மெதுவாக மிதித்தபடி அப்படியே ஒரு நிமிடம் உட்கார்ந்திருந்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு அதே போல மிதிக்கச் சொன்னார். காலுக்குக் கீழே பெடல், அடைத்த குழாயில் தண்ணீர் வடிவது போல, அவசரமே இல்லாமல் இறங்கிக்கொண்டு போயிற்று.

"மாஸ்டர் சிலிண்டர் போவுது சார்வாள். வண்டி கிடக்கட்டும்" என்றார். பெடலை மிதிக்கும்போது பிரேக் எண்ணெயைச் சக்கரங்களுக்குத் தள்ளுகிற பாகம் அது.

இரண்டு மாதம் முன்புதான் வேறோர் இடத்தில் (எந்த இடம் என்பது இங்கே தேவையில்லை) பிரேக் முழுக்கப் பார்த்துவிட்டதாகப் பில்லில் எழுதி என்னிடம் பணம் வாங்கியிருந்தார்கள். நாளை ஒரு நாள் போய்விட்டு வந்துவிடுகிறேனே, நாகர்கோவில் என்ன பெரிய தூரமா, வண்டிதான் நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறதே என்று நான் கெஞ்சியும் பார்த்தேன், கொஞ்சம் குரலை உயர்த்தியும் பார்த்தேன். சாவி அவர் சட்டைப் பையை விட்டு வெளியே வரவில்லை. நல்ல உதிரிபாகம் அன்றைக்கு ஊரில் கிடைக்காததால் மதுரையிலிருந்து பஸ் பார்சலில் வரவேண்டியிருந்தது. மறுநாள் விடியற்காலையில் பட்டுச்சேலை கட்டிய என் மனைவியோடு வேய்ந்தான்குளம் புதிய பஸ் ஸ்டாண்டில் போய் நின்றபோது, இந்த ஒர்க்‌ஷாப்பைப் பற்றி நான் மனதுக்குள் எழுதிக்கொண்டிருந்த விமரிசனம் வேறு மாதிரியானது.

கோபம் ஆறி வண்டியை எடுக்கப் போன அன்றைக்குத்தான் அவர் நொய்பாவரின் கதையைச் சொன்னார். 1955 ஜூன் 11 அன்று, பிரான்ஸில் லே மான் 24 மணி நேரப் பந்தயத்தில், மெர்சிடிஸ் கார் ஒன்று மற்றொரு காரின் மேல் ஏறிப் பறந்து பார்வையாளர் கூட்டத்தில் விழுந்து, எண்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். பந்தயம் நிற்கவில்லை. மெர்சிடிஸின் மற்ற இரண்டு கார்கள் முதலிடத்திலும் மூன்றாம் இடத்திலும் ஓடிக்கொண்டிருந்தன. முதலில் ஓடியது, ஃபாஞ்சியோவும் ஸ்டெர்லிங் மாஸும் மாறி மாறி ஓட்டிய கார். நிறுத்திவிடுங்கள் என்ற உத்தரவு ஸ்டுட்கார்ட்டில் இருந்த கம்பெனித் தலைமையிடமிருந்து நடுநிசிக்குச் சற்று முன்பு வந்தது. தடத்தில் நடமாட்டம் குறையும் வரை பொறுத்திருந்து, இரவு ஒன்றே முக்கால் மணிக்கு நொய்பாவர் இறங்கிப்போய், ஜெயித்துக்கொண்டிருந்த தன் கார்களை உள்ளே கூப்பிட்டார். அந்த ஆண்டின் முடிவில் மெர்சிடிஸ் பந்தயத்தை விட்டே விலகியது. அவருடைய மேனேஜர் வாழ்க்கையும் அதோடு முடிந்தது. இதைச் சொல்லிவிட்டு அண்ணாச்சி, பழுதான வண்டியை நிறுத்துவதற்கு மெக்கானிக் போதும், ஓடிக்கொண்டிருக்கிற வண்டியை நிறுத்துவதற்குத்தான் மேனேஜர் என்றார். என் மாருதி 800-ஐயும் லே மானையும் ஒரே தராசில் வைத்துவிட்டாரே என்று எனக்குச் சிரிப்பு வந்தாலும், கழற்றிய மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் வளையத்தை அவர் விரலில் பிதுக்கிக் காட்டியபோது அது ஊறிய பயறு போல இரண்டாகப் பிளந்ததைப் பார்த்த பிறகு சிரிக்க முடியவில்லை.

கழற்றிய பொருளைக் காட்டுவது இங்கே வழக்கம். பழைய பாகங்கள் எல்லாவற்றையும் மஞ்சள் பையில் போட்டு, சீட்டு எழுதி, பின் இருக்கையில் வைத்துவிடுகிறார்கள். வேண்டுமானால் வீட்டுக்குக் கொண்டுபோகலாம், வேண்டாமென்றால் நாமே பழைய இரும்புக்காரருக்குப் போடலாம். வேலை தவறினால் தவறியது என்று நோட்டில் எழுதுகிறார்கள். என் வண்டியின் பக்கத்தில் ஓரிடத்தில் "பையன் கையால் கதவுப் பூச்சில் கீறல், கூலி கழிக்கப்பட்டது" என்று இருக்கிறது; அந்தக் கீறலை நான் கவனித்திருக்கவே இல்லை. இதற்கும் பந்தயத்தில் ஒரு பாடம் வைத்திருக்கிறார். 2009 ஆஸ்திரேலிய ஃபார்முலா ஒன் பந்தயத்துக்குப் பிறகு, மெக்லாரன் அணி நடுவர்களிடம் உண்மைக்கு மாறான தகவலைச் சொன்னது ரேடியோப் பதிவால் வெளிப்பட்டு, அதன் ஓட்டுநர் ஹாமில்டன் பந்தய முடிவிலிருந்தே நீக்கப்பட்டார். அந்த அணியில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக இருந்த மூத்த நிர்வாகி ஒருவர் வேலையை இழந்தார். நடுவர் அறைக்கு ஓட்டுநரோடு உள்ளே போகிறவர் மேனேஜர்தான். அங்கே என்ன சொல்கிறோம் என்பதில் முப்பது வருட உழைப்பு முப்பது விநாடியில் போய்விடும் என்றார்.

என் வண்டி விஷயத்தில் அவருக்குத் தனிப் பிரியம் உண்டு என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆகவே நான் முழுக்க நடுநிலையான வாடிக்கையாளன் இல்லை. கோயம்புத்தூர்க்காரரான கரிவர்தன், மாருதி 800-இன் எஞ்சினை வைத்து 1988-இல் ஃபார்முலா மாருதி என்ற ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை உருவாக்கினார். சாதாரணக் குடும்பக் காரின் மூன்று சிலிண்டர், 796 சி.சி. எஞ்சின்தான், ஆனால் விலை கட்டுப்படியாகிற ஒரு பந்தயக் கார் இந்தியாவில் கிடைத்தது அதனால்தான், சின்ன அணிகள் முளைத்ததும் அதனால்தான். 2005-இல் ஜோர்டான் அணியில் சேர்ந்து ஃபார்முலா ஒன் ஓட்டிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயன் ஆரம்பத்தில் ஓட்டியதும் அந்தக் காரைத்தான். கரிவர்தன் 1995-இல் விமான விபத்தில் இறந்துபோனார். செட்டிபாளையத்தில் 2003-இல் திறந்த கரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பெயரைத்தான் தாங்கியிருக்கிறது. அண்ணாச்சி தலைமை மெக்கானிக்காகப் பிரித்துக் கட்டியவை பெரும்பாலும் அந்த எஞ்சின்கள்தான். என் வண்டியின் பானெட்டைத் திறக்கும்போதெல்லாம் அவர் முகத்தில், பழைய மாணவனைத் தெருவில் பார்த்த ஆசிரியரின் முகம் தெரிகிறது.

திருநெல்வேலிக்கும் மோட்டார் பந்தயத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்கு அவர் வைத்திருக்கிற பதிலையும் இடைச்செருகலாகச் சொல்லிவிடுகிறேன். 1982 முதல் பைக் பந்தயத்தில் சொந்த அணியை வைத்திருக்கும் டி.வி.எஸ். நிறுவனத்தின் பெயரில் முதலில் நிற்கிற எழுத்து எந்த ஊர் என்று அவர் திருப்பிக் கேட்பார். டி.வி. சுந்தரம் ஐயங்கார் பிறந்தது நம் திருக்குறுங்குடியில்.

மேனேஜர் என்றால் என்னதான் வேலை என்று நான் நேராகவே ஒருமுறை கேட்டேன். காகிதம் என்றார். அணிக்கான பதிவு, ஓட்டுநரின் உரிமம், மருத்துவச் சான்று, காரைச் சோதனைக்குக் கொண்டுபோகும் நேரம், டயர்களுக்கு முத்திரை வாங்குவது, லாரி வாடகை, பத்துப் பேருக்கு அறை, பத்துப் பேருக்குச் சாப்பாடு, வெளிநாடு என்றால் காரும் ஸ்பானரும் உட்பட ஒவ்வொன்றும் திரும்பி வரும் என்று சுங்கத்துக்கு உறுதி சொல்லும் பட்டியல். ஒருமுறை மலேசியாவின் செப்பாங் தடத்துக்குப் போய்த் திரும்பியபோது, பட்டியலில் இருந்த ஒரு ஜாக்கி காணாமல் போனதற்காக அவர் விமான நிலையத்தில் ஒரு பகல் முழுக்க உட்கார்ந்திருக்கிறார். பந்தயம் ஓடுகிற அரைமணி நேரத்தில் மேனேஜருக்கு வேலையே இல்லாமல் இருந்தால்தான் அவர் ஒழுங்காக வேலை செய்திருக்கிறார் என்று அர்த்தம் என்றும் சொன்னார். எனக்கு ஆனித் தேரோட்டம் நினைவுக்கு வந்தது. நெல்லையப்பர் தேரை வடம் பிடித்து இழுப்பவர்கள் ஆயிரக்கணக்கானோர். கூட்டம் பார்ப்பதும் அவர்களைத்தான். ரத வீதி முக்கில் தேர் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்று தீர்மானிப்பதோ, சக்கரத்துக்கு அடியில் குனிந்து கட்டை போடுகிற நாலைந்து பேர். அதைச் சொன்னதும், "சரியாச் சொன்னிய. அந்த ஆளுக்க முகத்த யாராவது பாத்திருக்காவளா?" என்றார்.

அங்கே வேலை பார்க்கும் மூன்று பையன்களைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இது முழுமையாகாது. தரையில் ஒவ்வொரு காருக்கும் மஞ்சள் கட்டம் போட்டிருக்கிறது. கட்டத்தைச் சுற்றி யார் எங்கே நிற்க வேண்டும் என்பதற்குக் காலடி அளவுக்கு வெள்ளைக் குறிகள். சக்கரம் கழற்றும்போது கழற்றுகிறவன் ஒருவன், நட்டுகளை வாங்கித் தட்டில் வரிசையாக வைக்கிறவன் ஒருவன். மாட்டும்போது எதிரெதிர் நட்டாக முடுக்கி, கடைசியில், குறித்த அளவு இறுக்கம் வந்ததும் சத்தம் கொடுக்கும் டார்க் ரெஞ்ச் வைத்து, அது "டிக்" என்று சொன்னதும் நட்டின் தலையிலிருந்து சக்கரம் வரை ஒரு மஞ்சள் பெயின்ட் கோடு இழுக்கிறார்கள். நட்டு துளி தளர்ந்தாலும் கோடு முறிந்து காட்டிக்கொடுக்கும். காற்று பார்ப்பது காலையில், டயர் வெயில் படாமல் குளிர்ந்திருக்கும்போது மட்டும்தான். மதியம் வந்து காற்று கேட்டால் நாளைக்கு வரச் சொல்கிறார்கள். 2023-இல் கத்தார் பந்தயத்தில் மெக்லாரன் அணி நான்கு சக்கரங்களையும் 1.80 விநாடியில் மாற்றிய வீடியோவை ஒரு பையன் போனில் காட்டியபோது, அண்ணாச்சி அவனை அதை நிறுத்தி நிறுத்திப் பார்க்கச் சொன்னார். கார் வருவதற்கு முன்பே ஒவ்வொருவர் கையும் எந்த உயரத்தில் காத்திருக்கிறது என்பதைப் பார், கை பறப்பதைப் பார்க்காதே என்பது அவர் சொன்னது. பையன் வேகமாகச் செய்துவிட்டு நிமிர்ந்தால் திட்டு விழுகிறது. மெதுவாகச் செய்து ஸ்பானரைச் சுவரில் அதன் நிழல் வரைந்த இடத்திலேயே மாட்டினால் ஒன்றும் சொல்வதில்லை. ஒன்றும் சொல்லாதது பாராட்டு என்று அவர்கள் பழகியிருக்கிறார்கள்.

2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் நடிகர் அஜித் குமாரின் அணி அதன் பிரிவில் மூன்றாம் இடம் பெற்ற பிறகு, பந்தயத்தில் சேரவேண்டும் என்று இங்கே வருகிற இளைஞர்கள் அதிகமாகிவிட்டார்கள். என் அக்காள் மகனும் அவர்களில் ஒருவன். பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் படிக்கிறான். "மாமா, அவர்ட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க" என்று அவன் நச்சரித்ததால் கூட்டிக்கொண்டு போனேன். அண்ணாச்சி அவனிடம் ஓட்டத் தெரியுமா என்று கேட்கவில்லை. பந்தய விதிகள் அச்சிட்ட தடித்த தாள்கட்டு ஒன்றையும் ஒரு வாரியலையும் கொடுத்தார். மூன்று ஞாயிற்றுக்கிழமை அவன் கூட்டினான், படித்தான். நான்காவது வாரம் ஒரே கேள்வி: "முடிவு ஒட்டியாச்சு, நம்ம ஆளுக்கு அநியாயம் நடந்துட்டு. புகார் கொடுக்க எவ்வளவு நேரம் இருக்கு?" முப்பது நிமிடம் என்று பையன் சொன்னான். எந்த முப்பது நிமிடம், பந்தயம் முடிந்ததிலிருந்தா, முடிவைப் பலகையில் ஒட்டியதிலிருந்தா என்று அடுத்த கேள்வி வந்தது. ஒட்டியதிலிருந்து என்று அவன் சரியாகச் சொன்னதும், சீசன் தொடங்கும்போது இருங்காட்டுக்கோட்டையில் கொடி காட்டும் தன்னார்வலர்களோடு சேர்ந்து இரண்டு பந்தயம் நின்று பார்த்துவிட்டு வரச் சொல்லி அனுப்பினார். நம் நாட்டில் முழுநேரச் சம்பளத்துக்கு மேனேஜர் வைக்கிற அணிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம், டயர் கம்பெனியும் பைக் கம்பெனியும் போக மற்றவர்கள் கையைக் கடித்துக்கொண்டு நடத்துகிறவர்கள், ஆகவே வேறு ஒரு வேலையும் கையில் இருக்கட்டும் என்பதையும் மறைக்காமல் சொன்னார். பையன் முகம் வாடியது. ஆனாலும் அடுத்த ஞாயிறும் வாரியலை எடுக்கப் போயிருக்கிறான்.

குறைகளும் இல்லாமல் இல்லை. கூலி மற்ற இடங்களைவிட அதிகம். கடைசி சர்வீஸுக்கு ஆயில், ஃபில்டர் போக கூலியாக மட்டும் 1,400 ரூபாய் கொடுத்தேன், இதே வேலைக்கு வண்ணார்பேட்டையில் பாதிக்குச் செய்து தருகிறார்கள். பேரம் பேச இடமில்லை. ஏ.சி. வேலை எடுப்பதில்லை. கம்ப்யூட்டரை மாட்டிப் பார்க்கவேண்டிய புதிய கார்களைத் தனக்குத் தெரியாது என்று வெளிப்படையாகச் சொல்லி வேறிடத்துக்கு அனுப்பிவிடுகிறார். கடந்த ஐந்தாறு ஆண்டுகளில் வாங்கிய கார் உங்களுடையது என்றால் இந்த இடம் உங்களுக்குப் பயன்படாது. வண்டி கழுவித் தருவதும் இல்லை. காலை பத்திலிருந்து ஒரு மணி வரை போனை எடுப்பதில்லை, அவசரம் என்றால் நேரில்தான் போகவேண்டும். வேலை நடக்கும்போது வாடிக்கையாளர் மஞ்சள் கோட்டைத் தாண்டக் கூடாது. தாண்டினால் வயது பார்க்காமல் சத்தம் போடுகிறார். நானே இரண்டு முறை வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன், இரண்டாம் முறை என் பழைய மாணவன் ஒருவன் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். உட்காருவதற்கு அந்த ஒரு பெஞ்சைத் தவிர வேறு வசதி கிடையாது. சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே காத்திருப்பது பெண்களுக்கும் முதியவர்களுக்கும் கஷ்டம்தான். எதிரே இருந்த டீக்கடையும் சாலை வேலையில் போய்விட்டது. கார்டு எடுப்பதில்லை, ஜிபே உண்டு.

பழைய கார் வைத்திருப்பவர்களுக்கும், நீண்ட தூரம் குடும்பத்தோடு போகிறவர்களுக்கும், இரண்டு நாள் வண்டி இல்லாமல் சமாளிக்க முடிந்தவர்களுக்கும் தாராளமாகச் சிபாரிசு செய்வேன். நாளைக் காலை கல்யாணத்துக்குப் போகவேண்டும் என்று இன்று மாலை வண்டியை விடுகிறவர்கள் தயவுசெய்து வேறு இடம் பார்த்துக்கொள்ளவும். போகிறவர்கள் காலை எட்டரைக்குள் போய்விடுவது நல்லது. ஒன்பது மணிக்கு அந்தக் கறுப்புப் பலகையில் நான்காவது எண்ணைச் செருகிவிடுகிறார்கள். ஞாயிறு பையன்களுக்கான நாள், வண்டி எடுக்கமாட்டார்கள்.

இப்போது என் வண்டிக்கு அடுத்த சர்வீஸ் தேதியை முன்கண்ணாடியின் மூலையில் சீட்டாக ஒட்டியிருக்கிறார். தேதிக்குக் கீழே, அவருடைய அந்த நல்ல கையெழுத்தில், "பெடல்: வாரம் ஒருமுறை மிதித்துப் பிடித்து எண்ணிப் பார்க்கவும், முப்பது வரை" என்று எழுதியிருக்கிறது. சனிக்கிழமை தோறும் எண்ணுகிறேன். பக்கத்தில் உட்கார்ந்து என் மனைவியும் சத்தமாக எண்ணுகிறாள்.